போன ஆண்டுத் தேரும் ஒரு ஜப்பானிய இசைத்தட்டும்

என் மகன் அந்த ஜப்பானிய இசைத்தட்டை வாங்காதிருந்தால் என் அண்ணன் எனக்கு இன்னும் சிறிது காலம் உயிரோடு இருந்திருப்பார். இப்படி எழுதுவது அறிவுக்குப் பொருந்தாது என்பதை அறிவேன். ஆயினும் நடந்தது அதுதான். ஆகவே நடந்த ஒழுங்கிலேயே சொல்லிவிடுகிறேன்.

அண்ணன் யாழ்ப்பாணத்தில், எங்கள் ஊரிலேயே இருந்தவர். நான் மனைவியோடு ஓக்லண்டில், மவுண்ட் ரோஸ்கில்லில், மகன் வீட்டில் இருக்கிறேன். இளமை தொட்டுப் பதிகம் ஓதி வருபவன் நான். ஊரில் தபாற்கந்தோர் வேலை முடிந்ததும் கோயிலில் பண்ணோடு ஓதுவேன். இங்கே வந்தபின், வெள்ளிக்கிழமைகளில் வாடகை மண்டபமொன்றில் கூடும் எங்கள் வழிபாட்டில் முதலடி எடுத்துக்கொடுக்கும் பேறு வாய்த்தது. அதைவிட இன்னொரு பொறுப்பும் எனக்கு இருந்தது. எங்கள் குடும்பத்தில் யார் இறந்தாலும், உடலை எடுக்குமுன் முற்றத்தில் உரலிலிட்டுச் சுண்ணம் இடிக்கும் சடங்கின்போது பாடவேண்டிய பாட்டை நானே பாடுவேன். கடல் கடந்த பின்னர் தொலைபேசியில் பாடினேன். அங்கே ஒருவர் கைபேசியை ஒலிபெருக்கிக்கு முன்னால் பிடித்துக்கொண்டு நிற்பார். கொள்ளைநோய்க் காலத்தில் எங்கள் சின்னம்மா இறந்தபோது அவ்விதம் பாடி முடித்தேன். அப்போது அண்ணன் அந்தக் கைபேசியை வாங்கிச் சொன்னார்:

“தம்பி, எனக்கும் நீதான் படிக்கவேணும். வேற ஆரும் படிச்சா நான் எழும்பி இருந்திடுவன்.”

“எழும்பி இருந்தா நல்லதுதானே அண்ணர். விறகு மிச்சம்.”

செத்தவீடு என்பதையும் மறந்து இருவரும் சிரித்தோம். ஆனால் சிரிப்பு அடங்கிய பின் நான் “ஓம்” என்றேன். அது வாக்கு. தாயும் தகப்பனும் இல்லாத வீட்டில் என்னை வளர்த்தவருக்கு நான் கொடுத்த ஒரே வாக்கு.

இந்த ஆண்டு ஆனியில் எனக்கு இருதயத்தில் அறுவைச் சிகிச்சை நடந்தது. நெஞ்செலும்பைப் பிளந்து கம்பியால் மீண்டும் கட்டியிருந்தார்கள். இருமல் வந்தால் ஒரு தலையணையை நெஞ்சோடு இறுக அணைத்துக்கொள்ளவேண்டும் என்று மருத்துவமனையிலேயே தலையணை ஒன்றும் தந்து அனுப்பினார்கள். வீட்டுக்கு வந்தபின், ஞாயிறுதோறும் தவறாது வரும் அண்ணனின் அழைப்பு வரவில்லை.

“பெரியப்பாவுக்குக் காது இப்ப சரியான மந்தம் அப்பா. போனில கதைக்கேலாதாம். வொய்ஸ் மெசேஜ்தான் அனுப்புறார்,” என்றான் மகன். தன் கைபேசியை என் காதருகே பிடித்தான்.

அண்ணனின் குரல்தான். “தம்பி, இஞ்ச நல்ல மழை. கிணறு முட்டிப்போச்சு. நீ உடம்பைப் பார். ஒண்டுக்கும் யோசியாதை.”

“ஆனி ஆடியில யாழ்ப்பாணத்தில என்ன மழை?” என்று கேட்டேன்.

“உலகம் முழுக்கக் காலநிலை குழம்பிப்போச்சுது அப்பா.”

அடுக்களையிலிருந்து மனைவி குரல் கொடுத்தாள். “இஞ்ச ஒரு நாளில நாலு காலநிலை வருது. அங்க ஒரு மழை வரக்கூடாதோ? சும்மா பிள்ளையைக் குறுக்குக் கேள்வி கேளாமல் கஞ்சியைக் குடியுங்கோ.”

கஞ்சியைக் குடித்தேன். கிணறு நிரம்பியதை எண்ணி மகிழ்ந்தும் கொண்டேன்.

அந்த நாட்களில் மனைவி சுவாமி அறைப்பக்கம் வருவதில்லை. குனிந்து திரி போட இடுப்பு விடவில்லை என்றாள். “நீங்களே ஏத்துங்கோ, கைக்கும் பயிற்சி” என்று நெய்க் கிண்ணத்தை நிலைப்படிக்கு வெளியே வைத்துவிட்டுப் போவாள். நாற்பது ஆண்டுக்கு மேலாக என் விளக்கை ஏற்றியவள் நிலைப்படிக்கு வெளியே நின்றதன் பொருள் எனக்கு விளங்கவில்லை. இடுப்பு நோவுக்கு ஒரு எண்ணெய் வாங்கிவரச் சொன்னேன்.

ஆடியில் எங்கள் ஊர்க் கோயில் தேர். இங்கிருந்து வடம் பிடிக்க இயலாதவர்கள் நேரலையில் பார்ப்பது இப்போது வழக்கமாகிவிட்டது. அங்கே காலையில் தேர் புறப்படும்போது இங்கே பிற்பகல் ஆகியிருக்கும். வீட்டைக் கழுவி, குத்துவிளக்கை முன்னறைக்குக் கொண்டுவந்து, தொலைக்காட்சிக்கு முன் நிறைகுடம் வைத்து, தேர் அசையும் கணத்தில் கற்பூரம் காட்டுவோம். எங்கள் வழிபாட்டு அன்பர் ஒருவர், தமிழ்நாட்டுக்காரர், சான்ட்ரிங்ஹாமில் இருப்பவர், அன்று ஒரு பை நிறைய முறுக்கோடு வந்து சோபாவில் அமர்ந்தார்.

“என்ன ஐயா, டிவிக்கே தீபாராதனையா! அடுத்த வாரம் கிரிக்கெட் வருது, அதுக்கும் காட்டிருவீங்களா?”

“உங்கட ஆக்கள் வெண்டால் காட்டுவன்,” என்றேன்.

மகன் கணினியை இணைத்தான். தேர் தெரிந்தது. மேளம் கேட்டது. வலப்பக்க வடத்தின் தலைப்பில், ஒவ்வோர் ஆண்டும் போலக் காவித் துண்டைத் தலையில் கட்டிக்கொண்டு அண்ணன் நின்றார். ஒல்லியான மேனி, வடத்தைத் தோளில் போட்டுக்கொண்டு பின்னால் திரும்பி யாரையோ அதட்டினார்.

“அந்தா, அண்ணர்! பாருங்கோ, எண்பத்து நாலு வயசில வடம் பிடிக்கிறார். நான் இஞ்ச தலகாணியைப் பிடிக்கிறன்,” என்று சத்தமிட்டேன்.

நண்பர் எழுந்தார். “காரை டிரைவ்வேக்குக் குறுக்க நிறுத்திட்டேன் போலிருக்கு ஐயா, எடுத்து வச்சிட்டு வந்துடறேன்.” வெகு நேரம் அவர் திரும்பி வரவில்லை. மனைவி அடுக்களையில் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தாள். நான் கற்பூரத் தட்டை உயர்த்தி, தையல் நோவையும் பொருட்படுத்தாது, தேர் வீதி சுற்றி இருப்புக்கு வரும்வரை பதிகம் பாடினேன். அறுவைச் சிகிச்சைக்குப் பின் நான் மகிழ்ச்சியால் அழுத முதல் நாள் அது.

அதன் பின்னரே அந்த இசைத்தட்டு எங்கள் வீட்டுக்கு வந்தது.

மகனுக்குப் புகையில்லை, மதுவில்லை. பழைய இசைத்தட்டுகள்தாம் அவனுடைய ஒரே ஆடம்பரம். ஆல்பனியில் அலுவலகம் முடிந்து வரும்போது எங்காவது ஒரு பழஞ்சாமான் கடையில் இறங்கிவிடுவான். அன்று கொண்டுவந்தது ஜப்பான் தேசத்தது. உறையில் செய்தி வாசிப்பவரின் மேசை. அதன் பின்னால் நாற்காலி. நாற்காலியில் எவரும் இல்லை. இசை முழுவதும் மின்கருவிகளால் ஆனது. நரம்பையும் தோலையும் மூச்சையும் அறிந்த என் செவிக்கு, முதலில் அது மழைக்காலத்துத் தகரக்கூரை போலவே கேட்டது. ஆனால் நடக்கவும் ஏறவும் தடை விதிக்கப்பட்டவனுக்குக் கேட்பதைத் தவிர வேறு தொழில் இல்லை. சனிக்கிழமைகளில் மகனோடு இருந்து கேட்டேன்.

முழுத் தட்டும் ஒரே கதை என்று அவன் விளக்கினான். ஒரு மனிதன் உலகத்தை ஒலிபரப்பின் வழியாக மட்டுமே அறிகிறான். காலையில் ஒரு பெண்குரல் அவனுக்கு வணக்கம் சொல்கிறது. எந்த வரைபடத்திலும் இல்லாத நகரம் ஒன்றின் வானிலையை வாசிக்கிறது. எந்தக் கடையிலும் கிடைக்காத ஒரு சவர்க்காரத்தைப் புகழ்கிறது. நடவாத போர் ஒன்று முடிந்ததாக அறிவிக்கிறது. அடியில் இயந்திரத் தாளம் நாடிபோல அடித்துக்கொண்டே இருக்கிறது. தட்டின் மறுபக்கத்தில் அந்த மனிதன் ஐயுற்றுத் தன் வீட்டுச் சன்னலைத் திறக்கிறான். வெளியிலிருந்தும் அதே பெண்குரல்தான் கேட்கிறது.

மொழி எனக்கு விளங்கவில்லை. செய்தி வாசிக்கும் தொனி விளங்கியது. யுத்த காலத்தில் நாங்கள் வானொலியைச் சொல்லுக்காகக் கேட்டவர்கள் அல்லர். நிலைமை வழமைக்குத் திரும்பிவிட்டது என்று வாசித்தால் அரிசி வாங்கி வைப்போம். மக்கள் பதற்றமடையத் தேவையில்லை என்று வாசித்தால் பதுங்குகுழியைக் கூட்டித் துப்புரவாக்குவோம். பொய்யின் மூச்சு எனக்குத் தெரியும் என்று நான் கருதியிருந்தேன்.

“இதைத்தானே நாங்கள் வெள்ளிக்கிழமையில படிக்கிறம். காணுறதை மெய்யெண்டு நம்பி ஏமாறாதை எண்டு,” என்றேன் மகனிடம்.

“உங்களுக்கு எதைப் போட்டாலும் கடைசியில கோயில் வாசல்லதான் வந்து நிக்கும்.”

“வேற எங்க போய் நிக்கிறது? பழஞ்சாமான் கடையிலயோ?”

அவன் சிரித்தான். சன்னலுக்கு வெளியே, குன்றின் சரிவில் இந்நாட்டுக்குக் குளிர்காலமான ஆடி மாதத்து மழை சாய்வாக விழுந்துகொண்டிருந்தது. தட்டின் இறுதிப் பகுதியில், ஒரு பெருங்கூட்டம் கைதட்டும் ஓசை எழுந்தது. நான் கண்ணை மூடிக்கொண்டு கேட்டேன். கைதட்டல் தாழ்ந்தது, எழுந்தது, மீண்டும் தாழ்ந்தது.

“மகன், இது சனம் இல்லை.”

“என்னப்பா?”

“கவனிச்சுக் கேள். இடப்பக்கம் ஒருத்தன் இருமுறான். பிறகு ஒரு பொம்பிளை ஓவெண்டு சிரிக்கிறாள். பிறகும் அதே இருமல், அதே சிரிப்பு. ஒரு துண்டை வெட்டி வெட்டி ஒட்டியிருக்கிறாங்கள்.”

“ஓமப்பா. அதுதான் இந்தத் தட்டின்ர விசயமே. ஒருத்தரும் இல்லாத மண்டபத்தில கைதட்டு.” அவன் வியப்போடு என்னைப் பார்த்தான். “நான் எத்தனை தரம் கேட்டும் அந்த இருமல் எனக்குப் பிடிபடேல்லை.”

எனக்குப் பெருமை உண்டாயிற்று. அந்தப் பெருமையில் தொடர்ந்து சொன்னேன்: “சனத்துக்கு நடுவில நிண்டு படிச்சவனை ஏமாத்தேலாது. தேர் அண்டைக்குக் கேட்டனிதானே, அரோகரா எண்டு? ஒண்டு போல ஒண்டு இருந்ததோ? அது சனம். அண்ணர் அதட்டுற சத்தம்கூட எனக்கு இஞ்ச கேட்டது. அது மெய்.”

மகன் எழுந்து போய் ஊசியைத் தூக்கினான். தட்டு ஓசையின்றிச் சுழன்றது. அவன் எனக்கு முதுகு காட்டியபடி நின்றான்.

“அப்பா, அது போன வருசத் தேர்.”

“என்ன?”

“நான்தான் எடுத்து வைச்சிருந்ததைப் போட்டனான். இந்த வருசத்துத் தேரைப் போட்டிருந்தால் பெரியப்பா எங்கையெண்டு தேடியிருப்பியள்.”

மனைவி அடுக்களை வாசலுக்கு வந்துவிட்டாள். “டேய், வாயை மூடு,” என்றாள். ஆனால் அவள் குரலில் வலுவில்லை. கையிலிருந்த துவாயால் முகத்தைப் பொத்திக்கொண்டாள்.

அண்ணன் எப்போது போனார், எதனால் போனார் என்று நான் கேட்டிருக்கவேண்டும். என் வாயிலிருந்து வந்தது வேறு.

“ஆர் படிச்சது?”

மகன் திரும்பினான். “நீங்கள்தான் அப்பா.”

அண்ணன் உணவு உண்டு, கழுவிய கையின் ஈரம் உலருமுன் சாய்ந்துவிட்டாராம். எனக்கு நெஞ்சைப் பிளந்த அதே நாள். மறுநாள் ஊரில் சுண்ணம் இடிக்கும்போது நான் மயக்கத்தில், தொண்டைக்குள் குழாயோடு கிடந்தேன். பெரியப்பாவின் ஆசை மகனுக்குத் தெரியும். சின்னம்மாவுக்கு நான் தொலைபேசியில் பாடியதை அவன் அன்றே பதிவுசெய்து வைத்திருந்தான். மருத்துவமனைத் தாழ்வாரத்தில் நின்றபடி ஊருக்கு அழைத்து, அந்தப் பதிவைக் கைபேசி வழியே ஓடவிட்டான். ஒலிபெருக்கிக்கு முன் ஒருவர் பிடித்துக்கொண்டு நின்றார். முற்றத்தில் நின்றவர்களெல்லாம், தம்பி ஓக்லண்டிலிருந்து பாடுகிறார் என்று அழுதார்களாம். மழைச் செய்தி சொன்ன குரல், எப்போதோ ஒரு கார்த்திகையில் அண்ணன் அனுப்பியது.

நான் நீண்ட நேரம் தலையணையை அணைத்துக்கொண்டிருந்தேன். பிறகு மனைவியிடம் கேட்டேன்: “நான் சாவுத் துடக்கோட விளக்கேத்தினேனே. தேருக்குக் கற்பூரம் காட்டினேனே. நீயுமா பாத்துக்கொண்டு நிண்டனி?”

அவள் துவாயை எடுத்தாள். கண் சிவந்திருந்தது, பேச்சு தெளிவாக இருந்தது. “உங்களுக்கு ஏது துடக்கு? காதில விழுந்தாத்தானே துடக்கு. விழுந்தது எனக்கும் பிள்ளைக்கும். நாங்கள் துடக்குக் காத்தனாங்கள். சுவாமி அறைக்குள்ள கால் வைச்சனானோ?”

நியாயந்தான். செய்தி செவியில் சேரும்வரை சாவின் தீட்டு ஒருவனைத் தொடாது என்பதே எங்கள் வழக்கு. அந்த வழக்கின் சந்துக்குள் என் மனைவி என்னைப் பத்திரமாக ஒளித்து வைத்திருந்தாள்.

“எண்டாலும் எனக்கு மறைச்சது சரியோ?”

“மறைக்கிறதும் ஒரு அருள் எண்டு மண்டபத்தில பிரசங்கம் வைக்கிறது நீங்கள்தானே,” என்றாள் அவள். “இப்ப ஏன் கோவம்?”

ஆக்கலும் காத்தலும் அழித்தலும் போல மறைத்தலும் இறைவன் தொழிலே என்பதை நான் எத்தனையோ வெள்ளிக்கிழமைகளில் விரித்துரைத்திருக்கிறேன். உயிரின் பக்குவம் அறிந்து அவன் திரையிடுகிறான் என்பேன். இவர்களோ என் நெஞ்சின் தையலை அறிந்து திரையிட்டார்கள். அந்த ஜப்பானியத் தட்டின் மனிதனுக்காவது முகம் தெரியாத ஒலிபரப்பாளர்கள். எனக்கு வானிலை வாசித்தவன் என் மகன். விளம்பரம் செய்தவள் என் மனைவி.

மகனிடமிருந்து செய்தி அறிந்து சான்ட்ரிங்ஹாம் நண்பர் மாலையில் அழைத்தார். “ஐயா, மன்னிச்சிடுங்க. அன்னைக்கு கார் சரியாத்தான் நின்னுச்சு,” என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டார். வெள்ளிக்கிழமை மண்டபத்தில் கூடும் அனைவருக்கும் அது தெரிந்திருந்தது. என்னைப் பார்க்க வரும்போதெல்லாம் அவர்கள் காட்டிய மலர்ச்சியை, நான் நலம்பெற்று வருவதற்கான மகிழ்ச்சி என்று எடுத்துக்கொண்டிருந்தேன்.

ஐயரைக் கேட்டோம். மாதம் கழிந்து கேட்டவனுக்குத் துடக்கு நாள் குறைவு, தலைமுழுகிச் சிறிது விலகியிருந்தால் போதும் என்றார். வீட்டில் மற்றவர்களுக்கு முப்பத்தோராம் நாள் அந்தியேட்டியும் முடிந்து துக்கம் ஆறத் தொடங்கியிருந்தது. மனைவி தலைவாரிப் பொட்டிட்டுச் சுவாமி அறைக்குள் போய் விளக்கேற்றினாள். நான் ஈரத் தலையோடு நிலைப்படிக்கு வெளியே இருந்தேன். ஊரே அழுது முடித்த சாவை, நான் தனியே அழத் தொடங்கினேன். கூட அழ யாரும் இல்லை. மகன் அருகில் வந்து இருந்தான். ஆனால் அவனுடைய அழுகை மருத்துவமனைத் தாழ்வாரத்திலேயே தீர்ந்துபோயிருந்தது.

நாள் கழிந்ததும் ஒன்று தீர்மானித்தேன். அண்ணன் மனைவியை அழைத்து, அன்று கேட்டது என் பதிந்த குரல் என்பதைச் சொல்லி, இப்போதாவது வாக்கை நிறைவேற்றவேண்டும். துடக்குக் கழிந்த வீட்டில் அந்தப் பாட்டைப் பாடக்கூடாது என்று மனைவி தடுத்தாள். அதுவும் நியாயந்தான். ஆகவே மகனின் காருக்குள் போய் இருந்தேன். அவன் எண்ணை அழுத்திக் கைபேசியைத் தந்துவிட்டு, மழையில் வெளியே நின்றான்.

“மச்சாள்,” என்றேன்.

“தம்பியோ! எப்பிடி இருக்கிறியள்? காயம் மாறீட்டுதோ?” என்றார் அவர். நான் தொடங்குமுன் அவரே தொடர்ந்தார். “அண்டைக்கு ஆஸ்பத்திரிக் கட்டில்ல கிடந்துகொண்டு எப்பிடித்தான் படிச்சியளோ. ஊர் முழுக்க அதுதான் கதை. அந்த மனிசனுக்கு வேற ஒண்டும் வேண்டாம். கேட்டுக்கொண்டு நிம்மதியாப் போயிட்டார்.”

“மச்சாள், நான் ஒருக்கா அதைப் படிக்கவேணும். இப்ப. உங்களுக்குக் கேட்க ஏலுமோ?”

“இப்பவோ?” என்றார் அவர். “பொறுங்கோ, முத்தத்துக்கு வாறன்.”

பாட்டுக்குப் பிறகு உண்மையைச் சொல்லலாம் என்று எண்ணிக்கொண்டேன். மெய்யாகப் பாடினால் சொல்வது எளிதாகும் என்று நம்பினேன். முதலடியை எடுத்தேன். மூச்சு பாதியில் நின்றது. கட்டிய எலும்பு குத்தியது. மேல்நிலையில் ஏறவேண்டிய இடத்தில் குரல் உடைந்தது; மீண்டும் எடுத்தேன், மீண்டும் உடைந்தது. கண்ணாடிகளெல்லாம் என் மூச்சால் மங்கி, வெளியே நின்ற மகன் ஒரு நிழலாகத் தெரிந்தான். தாழ்ந்த குரலில், பேசுவது போல, எப்படியோ கடைசி அடிவரை சொல்லி முடித்தேன். என் அண்ணனுக்கு நான் பாடியது அவ்வளவே.

மறுமுனையில் காகம் ஒன்று கரைந்தது.

“களைச்சுப்போனியள், தம்பி. காணும், விடுங்கோ,” என்றார் அவர் பரிவோடு. “ஏலாத உடம்பு. அண்டைக்குப் போல வராதுதானே. அண்டைக்கு என்ன குரல்! கண்ணை மூடிக்கொண்டு கேட்டா நீங்கள் இதிலதான் நிக்கிறியள் போல இருந்தது.”

சொல்லவேண்டியது நாவின் நுனியில் இருந்தது. சொல்லிவிட்டால், அவரிடம் எஞ்சுவது இப்போது கேட்ட இந்த உடைந்த குரல் ஒன்றுதான்.

“ஓம் மச்சாள்,” என்றேன். “அண்டைக்கு நல்லாத்தான் படிச்சனான்.”